ஃபெரிக் குளோரைடில் சோடியம் கார்பனேட் விட்டால் நுரைக்கிறதே, அமிலம் எங்கிருந்து வந்தது?

பிளஸ்டூ_தேனி

எல்லோருக்கும் வணக்கம். லேபில் செய்த ஒரு சோதனை மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. மூன்று சோதனைக் குழாய்களில் கால்சியம் குளோரைடு, காப்பர் சல்பேட், ஃபெரிக் குளோரைடு கரைசல்களை எடுத்து, மூன்றிலும் சோடியம் கார்பனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

கால்சியத்தில் வெள்ளை வீழ்படிவு, அவ்வளவுதான். காப்பரில் நீலப்பச்சையாக ஒரு வீழ்படிவு, அதோடு லேசாகச் சில குமிழிகள். ஃபெரிக்கில் மட்டும் ஆசிட் ஊற்றியது போலச் சீறிக்கொண்டு நுரை பொங்கியது, அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ நின்றது. அது ஃபெரிக் ஹைட்ராக்சைடு என்று கைடில் போட்டிருக்கிறது. கார்பனேட்டைத்தானே ஊற்றினோம், ஃபெரிக் கார்பனேட் ஏன் வரவில்லை? கார்பன் டை ஆக்சைடு வெளியேற அமிலம் வேண்டும், நாங்கள் யாரும் ஒரு சொட்டு அமிலம்கூட விடவில்லை. லேபில் கேட்டேன், "ஹைட்ராலிசிஸ்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. கொஞ்சம் விரித்துச் சொல்வீர்களா?

மயில்துத்தம்

கார்பனேட் விடுவதற்கு முன்னால், வெறும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் நீல லிட்மஸை நனைத்துப் பாருங்கள். பளிச்சென்று சிவக்கும். அமிலம் ஏற்கெனவே குழாய்க்குள்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_வேதியியல்

நல்ல கேள்விம்மா. முப்பது மதிப்பெண் கேள்விக்குப் படித்தவர்கள்கூடத் தாண்டிப் போய்விடும் இடம் இது. நிதானமாகவே சொல்கிறேன்.

கரைசலில் ஃபெரிக் அயனி, அதாவது மூன்று நேர்மின்சுமை உள்ள இரும்பு அயனி, வெறுமனே நீந்திக்கொண்டிருப்பதாக நினைத்துவிடுகிறோம். சமன்பாட்டில் அப்படித்தானே எழுதுகிறோம். உண்மையில் அதைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நீரும் தன் ஆக்சிஜன் பக்கத்தை இரும்புக்குக் காட்டி, தன் எலக்ட்ரான் இணை ஒன்றை அதனிடம் கொடுத்துப் பிணைந்திருக்கிறது. கரைசலில் வினைபுரிவது இரும்பும் ஆறு நீரும் சேர்ந்த இந்த முழு அமைப்புதான்.

இப்போது மின்சுமையைக் கவனியுங்கள். மூன்று நேர்மின்சுமை, ஆரமோ ஏறக்குறைய 65 பிக்கோமீட்டர்தான். சோடியம் அயனிக்கு ஒரே மின்சுமை, ஆரம் 102 பிக்கோமீட்டர். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு மின்சுமை இருந்தால், பிணைந்திருக்கும் நீரின் ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி இரும்பை நோக்கி இழுபடும். ஆக்சிஜன் அந்தக் குறையை ஹைட்ரஜனோடு உள்ள பிணைப்பிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும். அந்தப் பிணைப்பு தளரும். பக்கத்தில் சும்மா இருக்கும் இன்னொரு நீர் மூலக்கூறு வந்து அந்தப் புரோட்டானைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த நொடியில் ஆறு நீர் இருந்த இடத்தில் ஐந்து நீரும் ஒரு ஹைட்ராக்சைடும் மிஞ்சும். வெளியே ஹைட்ரோனியம் அயனி (புரோட்டானை வாங்கிக்கொண்ட நீர்) பிறந்துவிட்டது. உங்கள் அமிலம் அதுதான். லேபில் ஒரே வார்த்தையில் சொன்ன ஹைட்ராலிசிஸ், தமிழில் நீராற்பகுப்பு, இதுதான்.

எவ்வளவு வலிய அமிலம் என்பதற்கு எண் சொல்கிறேன். அமில வலிமையை அளக்கும் எண் பி.கே.ஏ (pKa). வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ மதிப்பு 4.76. நீரேறிய ஃபெரிக் அயனிக்கு அது 2.2. எண் குறையக் குறைய அமிலம் வலியது என்பது உங்களுக்குத் தெரியும். 0.1 மோலார் கரைசலின் பி.எச் 2-க்கும் கீழே போய்விடும். கார்பானிக் அமிலத்தின் முதல் பி.கே.ஏ 6.35. அப்படியிருக்க, கார்பனேட் உள்ளே வந்ததும் ஃபெரிக்கைச் சுற்றியுள்ள நீர்களிடமிருந்து புரோட்டான்களைப் பறித்துக்கொள்கிறது, கார்பானிக் அமிலமாகிறது, நீராகவும் வாயுவாகவும் உடைகிறது. நீங்கள் பார்த்த சீற்றம் அதுதான்.

மூன்று புரோட்டான்களை இழந்தவுடன் இரும்பு அமைப்பின் மொத்த மின்சுமை பூஜ்யம். ஒன்றையொன்று விலக்கித் தள்ள மின்சுமை இல்லை. ஓர் இரும்பின் ஹைட்ராக்சைடு பக்கத்து இரும்பையும் பிடித்துக்கொள்ளும், அது இன்னொன்றைப் பிடிக்கும், இப்படியே வலையாகப் பின்னி இடையில் ஏராளமான நீரையும் அடைத்துக்கொண்டு வீழ்படிவாகும். கொழகொழப்பு அதனால்தான் வருகிறது. பாடப்புத்தகம் அதற்கு ஒரு துல்லியமான வாய்பாடு தந்தாலும், சோதனைக் குழாயில் இருப்பது நீர் அளவு நிலையில்லாத ஒரு கூழ்.

உங்கள் மற்ற இரண்டு குழாய்களுக்கும் இதே அளவுகோலே விடை தரும். கால்சியத்தின் பி.கே.ஏ ஏறக்குறைய 12.8. அது புரோட்டானை விடுவதாகவே இல்லை, அதனால் சுத்தமான கால்சியம் கார்பனேட் கிடைத்தது. காப்பருக்கு 7.5-இலிருந்து 8-க்குள். நடுவில் நிற்கிறது. அதனால்தான் பாதி கார்பனேட், பாதி ஹைட்ராக்சைடு கலந்த காரக் காப்பர் கார்பனேட், கூடவே சில குமிழிகள். மூன்று குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

சந்தேகம்_தீர்

மேடம், வலிய அமிலமும் வலிமை குறைந்த காரமும் சேர்ந்து உண்டான உப்பு, அதனால் அதன் கரைசல் அமிலத்தன்மை காட்டும் என்றுதானே நாங்கள் படித்தோம்? அதுவே போதாதா? எதற்கு இத்தனை நீர் மூலக்கூறு கதை?

ஓய்வுபெற்ற_வேதியியல்

விடையைச் சரியாகச் சொல்லிவிடும், காரணத்தைச் சொல்லாது. ஃபெரிக் ஹைட்ராக்சைடு ஏன் வலிமை குறைந்த காரம் என்று அடுத்த கேள்வி கேட்டால் அந்த விதி அங்கேயே நின்றுவிடும். ஃபெரஸையும் ஃபெரிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இரும்பு, ஃபெரஸுக்கு இரண்டு நேர்மின்சுமை, ஃபெரிக்குக்கு மூன்று. ஃபெரஸின் பி.கே.ஏ ஏறக்குறைய 9.5, ஃபெரிக்கின் பி.கே.ஏ 2.2. ஒரே ஓர் எலக்ட்ரான் போனதில் அமில வலிமை கோடி மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. இதை மின்சுமையும் ஆரமும்தான் விளக்கும்.

சந்தேகம்_தீர்

அப்படியானால் அலுமினியம் இடிக்கிறதே? அதற்கும் மூன்று மின்சுமை, ஆரம் 54 பிக்கோமீட்டருக்கும் குறைவு, ஃபெரிக்கைவிடச் சிறியது. உங்கள் கணக்குப்படி அது இன்னும் வலிய அமிலமாக இருக்க வேண்டும். ஆனால் அதன் பி.கே.ஏ 5 என்று பார்த்தேன்.

ஓய்வுபெற்ற_வேதியியல்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். மின்சுமையும் ஆரமும் பாதிக் கதைதான். மீதிப் பாதி, அந்த உலோகம் ஆக்சிஜனோடு எலக்ட்ரானை எவ்வளவு பகிர்ந்துகொள்கிறது என்பது. இரும்பின் எலக்ட்ரான் கவர்திறன் 1.83, அலுமினியத்தினுடையது 1.61. இரும்பு–ஆக்சிஜன் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை கூடுதல், ஆகவே இழுப்பும் கூடுதல்.

இன்னும் அழுத்தமான சான்று மெர்க்குரி. மெர்க்குரிக் அயனியும் கால்சியம் அயனியும் ஏறக்குறைய ஒரே ஆரம், இரண்டுக்கும் இரண்டு மின்சுமை. கால்சியத்தின் பி.கே.ஏ 12.8, மெர்க்குரிக்கினுடையதோ 3.4. வெறும் மின்னியல் ஈர்ப்பை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்கவே முடியாது.

குடிநீர்_ஆபரேட்டர்

நான் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மேடம் சொன்ன அலுமினியக் கணக்கு எங்களுக்கு அன்றாட வேலை, அதனால் எழுதுகிறேன்.

ஆற்று நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்சுமை உள்ளவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் நாள்கணக்கில் விட்டாலும் அடியில் படியாது. படிகாரம் போட்டால் அலுமினியம் நீராற்பகுப்பு ஆகி, நேர்மின்சுமை கொண்ட ஹைட்ராக்சைடு வகைகள் உண்டாகி அந்த மின்சுமையைச் சமன் செய்யும். பிறகு ஹைட்ராக்சைடு கூழ் திரண்டு, கலங்கலையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

ஆனால் அலுமினியம் விடுகிற புரோட்டானை வாங்கிக்கொள்ள நீரில் ஏதாவது இருக்க வேண்டும். இயற்கை நீரில் அந்த வேலையைச் செய்வது பைகார்பனேட். அதைத்தான் நாங்கள் காரத்தன்மை என்று அளக்கிறோம். ஒரு மில்லிகிராம் படிகாரம் (எங்கள் இடத்தில் அலுமினியம் சல்பேட்டைத்தான் அப்படிச் சொல்வோம்) கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போது கலங்கல் ஏறும், காரத்தன்மை இறங்கும். அந்த நேரத்தில் படிகாரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பி.எச் சரிந்து கூழே உருவாகாமல் அலுமினியம் கரைந்த நிலையிலேயே நின்றுவிடும். சுண்ணாம்பு சேர்த்தால்தான் வேலை நடக்கும்.

இதற்குத்தான் ஜார் டெஸ்ட். ஆறு பீக்கரில் ஒரே நீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டு, துடுப்புகளை முதலில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் சுழல விடுவோம். சில நிமிடத்தில் ஒரு பீக்கரில் ரவை அளவுக்குத் திரள்கள் தெரியும், அதன் இடைவெளியில் நீர் கண்ணாடியாக இருக்கும். பக்கத்து பீக்கரில் வெறும் பால் கலங்கல். அளவு தாண்டிய பீக்கரும் மறுபடி கலங்கலாகவே நிற்கும். பி.எச் 6-க்கும் 7-க்கும் நடுவில் அலுமினியம் ஹைட்ராக்சைடு மிகக் குறைவாகக் கரைகிறது. அதற்கு மேலே போகப் போகக் கூடுதல் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொண்டு அலுமினேட்டாகத் திரும்பவும் கரையத் தொடங்கும். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில்தான் வழி.

மயில்துத்தம்

இந்தப் பள்ளத்தில் ஓர் ஊரே விழுந்த சம்பவம் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கேமல்ஃபோர்டு. 1988 ஜூலை 6 அன்று லோவர்மூர் சுத்திகரிப்பு நிலையத்தில், லாரியில் வந்த சுமார் 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசல் தவறான தொட்டியில் இறக்கப்பட்டு நேராகக் குடிநீருக்குள் போனது. மக்கள் குடித்தது அலுமினியத்தை மட்டுமல்ல. நீராற்பகுப்பில் பிறந்த அமிலம் வீட்டுக் குழாய்களின் செம்பையும் கரைத்துக்கொண்டு வந்தது. உலோக அயனி ஓர் அமிலம் என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். பொதுமக்களுக்கு உண்மையைச் சொல்லவே வாரக்கணக்கில் ஆனது என்பது இன்றைக்குப் படித்தாலும் கோபம் வரவைக்கிறது.

பிளஸ்டூ_தேனி

மேடம், அண்ணா, ரொம்ப நன்றி. இப்போது தெளிவாகிறது. இன்னொரு கேள்வி. நீரேறிய ஃபெரிக் அயனியின் நிறம் மஞ்சள்தானே?

மயில்துத்தம்

ஆமாம், மஞ்சள் அல்லது மஞ்சள்பழுப்பு. பாட்டிலைப் பார்த்தாலே தெரியும்.

ஓய்வுபெற்ற_வேதியியல்

பாட்டிலில் தெரிவது அதன் நிறம் இல்லை. ஆறு நீர் மட்டுமே சூழ்ந்த ஃபெரிக் அயனி மிக வெளிறிய ஊதா. ஃபெரிக் அம்மோனியம் படிகாரத்தின் நல்ல படிகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் அந்த நிறம் தெரியும். கரைத்தவுடன் மஞ்சளாவதற்குக் காரணம், புரோட்டானை இழந்த ஹைட்ராக்சைடு வகைகள்.

லேபில் அனுமதி கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். ஃபெரிக் நைட்ரேட்டின் நீர்த்த கரைசலை இரண்டு குழாய்களில் எடுங்கள். இரண்டும் மஞ்சள். ஒன்றில் நைட்ரிக் அமிலம் விடுங்கள். மஞ்சள் வெளுத்துக்கொண்டே போய் ஏறக்குறைய நிறமற்றதாகிவிடும். அமிலம் கூடியதால் இழந்த புரோட்டான் திரும்பி வந்துவிட்டது. இன்னொன்றில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். அதுவும் அமிலம்தான், ஆனால் மஞ்சள் அடர்த்தியாகும். ஏனென்றால் குளோரைடு உள்ளே புகுந்து நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உங்கள் பாட்டிலில் இருக்கும் ஃபெரிக் குளோரைடின் மஞ்சளில் இரண்டுக்குமே பங்கு உண்டு.

உப்புப்_பகுப்பு

இந்த இழையில் அம்மோனியா பற்றி யாரும் பேசவில்லையே. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் அம்மோனியா விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு, மேலும் விட்டால் அது கரைந்து கண்ணைப் பறிக்கும் அடர்நீலம். ஃபெரிக்கில் எவ்வளவு விட்டாலும் பழுப்பு வீழ்படிவு கரைவதில்லை. ஏன்?

ஓய்வுபெற்ற_வேதியியல்

அம்மோனியாவுக்கு இரண்டு வேலை தெரியும். காரமாக நின்று புரோட்டானைப் பறிக்கும், ஈனியாக நின்று நீரை வெளியேற்றிவிட்டு உலோகத்தோடு தானே பிணையும். காப்பரில் முதலில் முதல் வேலை நடக்கிறது, அளவு கூடும்போது நான்கு அம்மோனியா உள்ளே வந்து அடர்நீல அணைவு அயனி உண்டாகிறது. ஃபெரிக்குக்கு நைட்ரஜனைவிட ஆக்சிஜன்மேல்தான் பிடிப்பு அதிகம். அது ஹைட்ராக்சைடை விட்டுக்கொடுக்காது. அங்கே அம்மோனியா கடைசிவரை வெறும் காரம்தான்.

உப்புப் பகுப்பாய்வில் உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும்போது, மூன்றாம் தொகுதிக்கு முன்னால் அம்மோனியம் குளோரைடு எதற்குச் சேர்க்கிறோம் என்பதும் இங்கேயே வருகிறது. அம்மோனியம் அயனி கூடினால் ஹைட்ராக்சைடின் அளவு குறையும். அந்தக் குறைந்த அளவே ஃபெரிக்குக்கும் அலுமினியத்துக்கும் போதும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடுக்குப் போதாது, அது கரைசலிலேயே தங்கி ஆறாம் தொகுதிவரை வரும்.

சந்தேகம்_தீர்

குரோமியம் என்ன கதை? எங்கள் கல்லூரியில் பச்சை நிறக் குரோமிக் குளோரைடைக் கரைத்து வைத்தோம். பச்சையாகவே இருந்தது, நாளாக ஆக ஊதாவை நோக்கிப் போனது. வினை இவ்வளவு மெதுவாக நடக்குமா?

ஓய்வுபெற்ற_வேதியியல்

நடக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அந்தப் பச்சை உப்பில் இரண்டு குளோரைடுகள் குரோமியத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கின்றன, ஒன்று வெளியே. புதிதாகக் கரைத்தவுடன் சில்வர் நைட்ரேட் விட்டால் அந்த ஒரு குளோரைடு மட்டும்தான் உடனே வீழ்படிவாகும். உள்ளே இருப்பவை மெல்ல மெல்ல நீருக்கு இடம் விடும்போதுதான் நிறம் மாறுகிறது.

அயனியோடு பிணைந்த நீர் மூலக்கூறு, வெளியே உள்ள நீருக்கு இடம் விட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அளந்திருக்கிறார்கள். காப்பரில் ஒரு நானோவினாடிகூட இல்லை. நிக்கலில் சில பத்து மைக்ரோவினாடி. அலுமினியத்தில் ஒரு வினாடி அளவில். குரோமிக்கில் கிட்டத்தட்ட 5 நாள். இரிடியத்தில் 300 ஆண்டு அளவில்! எல்லாமே நீர், எல்லாமே உலோகம், ஆனால் நானோவினாடியிலிருந்து நூற்றாண்டுவரை விரிகிறது. குரோமியத்துக்கு இதை ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு 1950 வாக்கில் அளந்தவர்களில் ஒருவர் ஹென்றி டாபே. அணைவுகளில் எலக்ட்ரான் கைமாறும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். மிக வேகமான வினைகளை அளக்கும் வழிகளுக்காக மான்ஃபிரெட் ஐகன் 1967-இலேயே பெற்றிருந்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குரோமிக் கரைசலிலும் கார்பனேட் விட்டால் உடனே நுரைக்கும், ஐந்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஏனென்றால் அங்கே உடைவது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு. குரோமியம்–ஆக்சிஜன் பிணைப்பு அப்படியே இருக்கிறது. நீர் வெளியே போவது வேறு, நீர் தன் புரோட்டானை மட்டும் கொடுப்பது வேறு.

போர்வெல்_வீடு

படிப்பாளிகள் நடுவில் ஒரு வீட்டுக் கேள்வி. எங்கள் போர் தண்ணீர் வரும்போது தெளிவாக இருக்கிறது. வாளியில் பிடித்து வைத்தால் சில மணி நேரத்தில் மஞ்சளாகி அடியில் துரு படிகிறது. டீ போட்டால் கறுத்துப்போகிறது. இதுவும் இந்தக் கதையா?

குடிநீர்_ஆபரேட்டர்

இதே கதைதான் அண்ணா. நிலத்தடியில் காற்று படாததால் இரும்பு ஃபெரஸாகக் கரைந்து நிற்கிறது, நிறம் தெரியாது. மேலே வந்ததும் ஆக்சிஜன் அதை ஃபெரிக்காக்குகிறது. ஃபெரிக் ஆனதும் நடுநிலை நீரில் அதனால் கரைந்திருக்க முடியாது, ஹைட்ராக்சைடாக விழுகிறது. டீ கறுப்பது, தேயிலையின் டானின்கள் இரும்போடு அணைவாவதால்.

தீர்வும் அதிலேயே இருக்கிறது. தண்ணீரைப் பூவாளி மாதிரித் துளைகள் உள்ள குழாய் வழியாகத் தொட்டிக்குள் விழவிட்டுக் காற்றோடு கலக்க வையுங்கள், அப்புறம் மணல் வடிகட்டி. பி.எச் ஓர் அலகு ஏறினால் ஃபெரஸ் ஆக்சிஜனேற்றம் நூறு மடங்கு வேகமாகும். காற்றடித்தால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி பி.எச்சும் கொஞ்சம் ஏறும், அதனால் இரட்டை லாபம். முதலில் நீரைக் கொடுத்து இரும்பும் பி.எச்சும் பரிசோதித்துவிடுங்கள்.

மயில்துத்தம்

இதன் மறுகோடி ஸ்பெயினில் உள்ள ரியோ டிண்டோ ஆறு. அங்கே பி.எச் 2.3 அளவில். அந்த அமிலத்தில் ஃபெரிக் வீழ்படிவாகாமல் கரைந்தே ஓடுகிறது, ஆறு முழுக்கச் செந்நிறம். அவ்வளவு குறைந்த பி.எச்சில் காற்று மட்டும் ஃபெரஸை ஆக்சிஜனேற்றம் செய்ய ஆண்டுக்கணக்கில் ஆகும். அங்கே பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

பிளஸ்டூ_தேனி

கடைசியாக ஒன்று. அப்படியானால் அலுமினியம் சல்பேட்டில் சமையல் சோடா போட்டாலும் நுரைக்க வேண்டுமே? நான் நினைப்பது சரியா?

ஓய்வுபெற்ற_வேதியியல்

சரி. அலுமினியத்தின் பி.கே.ஏ 5, கார்பானிக் அமிலத்தினுடையது 6.35, ஆகவே பைகார்பனேட் புரோட்டானை வாங்கிக்கொள்ளும், வாயு வெளியேறும், அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழாக நிற்கும். அந்தக் கூழ் குமிழிகளின் சுவரைத் தாங்கிப் பிடிப்பதால் நுரை சீக்கிரம் அடங்காது.

அசர்பைஜானின் பாக்கு (Baku) நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் லோரன், எண்ணெய்க் கிணற்றுத் தீயை நீரால் அணைக்க முடியாததைப் பார்த்து, இதே இரண்டு உப்புகளைக் கொண்டு தீயணைப்பு நுரையை உருவாக்கி 1904-இல் காப்புரிமை பெற்றார். பழைய நுரை தீயணைப்பானில் உள் குப்பியில் அலுமினியம் சல்பேட், வெளிக் கலனில் சமையல் சோடா. கவிழ்த்தால் இரண்டும் கலக்கும். உங்கள் லேபில் பழைய கருவிப் படம் தொங்கினால் அதன் குறுக்குவெட்டைப் பாருங்கள், எது எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும்.